லெத்தீசியா டீச்சருக்காகத் திரும்பிய ஊர்

சங்குமுனை ஊர் முதன்முதலாகத் திரும்பியது ஒரு வியாழக்கிழமை பின்னேரம், டொரத்தி அக்கா குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த நேரம், ஏலக்கூடத்தில் லியோன் ஒரு கூடை சீலா மீனுக்கு விலை கூவிக்கொண்டிருந்த நேரம், பங்குச் சாமியார் ரெஜினால்ட் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் உட்கார்ந்து பாவம் சொல்ல ஆள் வராமல் கண்ணயர்ந்திருந்த நேரம். அந்த நேரத்தில்தான் மூன்று தெருவும் மாதா கோயிலும் ஐஸ் கம்பெனியும் பள்ளிக்கூடமும் தென்னைகளும் கட்டிப்போட்ட ஆடுகளுமாக ஊர் மொத்தமும் கீல் போட்ட கதவு திறப்பதுபோல் சத்தமில்லாமல் நகர்ந்து, கடலை ஒரு அரைவட்டம் சுற்றிக்கொண்டு போய், நடுத்தண்ணீரில் ஒரு பலகைமேல் நின்றபடி விழுவதா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டிருந்த லெத்தீசியா டீச்சருக்கு நேர் எதிரே நின்றுகொண்டது. டொரத்தி அக்காவின் புளித்தண்ணீர் கிண்ணத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிறகு சமமானது. அடுப்படி ஜன்னலில் அடித்த வெயில் காணாமல் போனதைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறது என்று அவள் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள். லியோன் விலை கூவுவதை நிறுத்தவில்லை.

ஊர் திரும்பியதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. நஷ்டப்பட்டவர் ஒரே ஒருவர்தான், அவர் டீச்சரின் புருஷன் கஸ்பார் மிராண்டா. சொந்த ஊர்மேலேயே பொறாமைப்பட்ட மனுஷன் இந்தக் கடற்கரையில் அவருக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இருக்கப்போவதில்லை.

லெத்தீசியா, மாதா பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். இருபது வருஷமாக வெயிலில் நின்று விசில் ஊதி, வலது பக்கம் திரும்பு, இடது பக்கம் திரும்பு, பின்னால் திரும்பு என்று பிள்ளைகளைத் திருப்பிக்கொண்டிருந்தவள். போன வருஷம் சென்னையிலிருந்து சிலபேர் வந்து, ஊருக்குத் தெற்கே அலை குறைந்த இடத்தில் காற்றுச் சிறகு விளையாட்டுக்கு ஒரு பயிற்சிக்கூடம் போட்டார்கள். விளையாட்டு இவ்வளவுதான்: கையில் காற்றடைத்த ஒரு பெரிய சிறகைப் பிடித்துக்கொள்ள வேண்டும், காலுக்குக் கீழே ஒரு பலகை, பலகைக்கு அடியில் ஆழமாக இறங்கும் ஒரு தண்டு, தண்டின் முனையில் தண்ணீருக்குள் இன்னொரு சின்னச் சிறகு. காற்று பிடித்து வேகம் வந்துவிட்டால் பலகை தண்ணீரை விட்டு எழும்பி, ஆள் கடலுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் அந்தரத்தில் நின்றபடி போகலாம். மைதானத்திலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்த லெத்தீசியா ஒரு சனிக்கிழமை போய், எனக்கும் சொல்லித் தருவீர்களா என்று கேட்டாள். அங்கே பயிற்சி கொடுத்த ஹர்ஷினி என்ற பெண் இவளுடைய வயதைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தாள். வாங்க டீச்சர் என்றாள்.

டீச்சர் சுடிதாரோடு கடலில் இறங்கியதைப் பற்றி ஊர் ஒரு மாதம் பேசியது. பிறகு மீன் வரத்து குறைந்தது, ஊர் அதைப் பற்றிப் பேசப் போய்விட்டது.

நேராகப் போவது அவளுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. கரையை நோக்கி வந்து கடல்பக்கம் திரும்புவதும் வந்துவிட்டது. கடலிலிருந்து கரைக்குத் திரும்புவதுதான் வரவில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி வளைந்து, சிறகை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, முன்கால் பின்னாலும் பின்கால் முன்னாலும் போக வேண்டும், இவ்வளவும் பலகை தண்ணீரில் இறங்குவதற்குள் நடக்க வேண்டும். காலைப் பார்க்காதீங்க, போகவேண்டிய இடத்தைப் பாருங்க, தலை திரும்பினால் உடம்பு திரும்பும், உடம்பு திரும்பினால் பலகை திரும்பும் என்று ஹர்ஷினி தொண்டை வற்றச் சொன்னாள். லெத்தீசியா தலையை ஆட்டிக்கொள்வாள், போவாள், திரும்பவேண்டிய இடம் வந்ததும் கழுத்து மட்டும் சிமெண்டு போட்டதுபோல் இறுகிவிடும், சிறகு ஒரு பக்கமும் பலகை ஒரு பக்கமுமாக அவள் தொப்பென்று தண்ணீரில் கிடப்பாள். திரும்பத் தெரியாதவளால் திரும்பி வரவும் முடியாதில்லையா, அதனால் கஸ்பார் தன் வள்ளத்தை எடுத்துக்கொண்டு போய், பலகையைக் கயிற்றில் கட்டி, அவளை ஏற்றிக் கரைக்கு இழுத்து வருவார்.

இந்த இழுத்து வருகிற நேரம்தான் கஸ்பாருக்குக் கிடைத்த புதையல். மகள் மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து வீட்டில் பேச்சு என்பது மோட்டார் போட்டாச்சா, கேஸ் வந்துச்சா என்கிற அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை, சண்டை போடக்கூட ரெண்டு வார்த்தை வேண்டுமே. ஆனால் வள்ளத்தில், நனைந்த தலையோடு, முக்கால் மைல் தண்ணீரில் வேறெங்கும் போக முடியாமல் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தபோது, அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின மாதம் மாநில ஓட்டப் போட்டிக்குத் தன்னைத் தேர்ந்தெடுத்திருந்ததையும், அப்பா அதைத் தன்னிடம் சொல்லாமலே மறைத்துவிட்டதையும் அவள் ஒருநாள் சொன்னாள். ஆழத்தில் தண்ணீர் கறுத்துக் கிடப்பதைப் பார்த்தால் தனக்கு இன்றைக்கும் பயம் என்று, பிறந்தது முதல் மீன்பிடிக்கிற அவர், உலகத்தில் முதல் ஆளாக அவளிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு மோட்டாரில் பிளக் அழுக்கேறிக் கிடக்கிறது என்று பொய் சொல்லி, வள்ளத்தை எருமை நடப்பதுபோல் ஓட்டத் தொடங்கினார். அவருக்குள் ஒரு கேள்வி ரொம்ப நாளாகக் கிடந்தது. என்னைக் கட்டிக்கொண்டதில் உனக்கு வருத்தம் உண்டா என்பதுதான் அது, அதைக் கேட்பதற்கு அவர் தைரியம் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் வியாழக்கிழமை கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அந்த வியாழக்கிழமைதான் ஊர் திரும்பித் தொலைத்தது.

அன்றைக்கு அவள் விழுவாள் என்று கணக்குப்போட்டு அவர் மோட்டார் கயிற்றைச் சுண்டி இழுத்து முடிப்பதற்குள், கரை அவளுக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. அவள் வளையவில்லை, கால் மாற்றவில்லை, வந்தபடியே நேராக வந்து தன் தெருமுனை மணலில் இறங்கினாள். இறங்கி, மணலையும் கோயில் கோபுரத்தையும், அங்கே மோட்டார் கயிற்றோடு நின்ற புருஷனையும் மாறிமாறிப் பார்த்து, நான் திரும்பினேனா என்று கேட்டாள். அவர் மோட்டார் கயிற்றை விட்டுவிட்டு அவள் பலகையைத் தூக்கி மணலில் வைத்தார்.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும் அதேதான். அவள் கழுத்து இறுகுகிற நொடியில் ஊர் கிளம்பும், சுற்றிக்கொண்டு போகும், அவளுக்கு முன்னால் நிற்கும்.

ஊர்க்காரர்கள் இதற்குப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், வீட்டுக்குப் புது மருமகள் வந்தால்கூட இதைவிட அதிக நாள் பிடிக்கும். தட்டுமுட்டுச் சாமான்களை ஆணியில் மாட்டினார்கள். ஆடுகள் திரும்புகிற பக்கம் சாய்ந்து நிற்கக் கற்றுக்கொண்டன. தொட்டிலைப் பின்னேரத்தில் யாரும் ஆட்டவேண்டியிருக்கவில்லை. ஊர் ஒருமுறை திரும்பினால் தார்ரோட்டைவிட்டு அக்கரைக்குப் போய்விடும், இன்னொருமுறை திரும்பினால்தான் பழைய இடத்துக்கு வந்து சேரும் என்பது மூன்றாம் நாள் தெரிந்தது, தூத்துக்குடியிலிருந்து வந்த பஸ் ரோடு முடிந்த இடத்தில் வெறும் கடலைப் பார்த்து ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றபோது. கண்டக்டர் இறங்கி வந்து, எந்த ஊரை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கடைசி ட்ரிப்பு நேரத்துக்கு ஊர் இங்கே இருக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து டீச்சர் போனால் ரெண்டு ரெண்டு நடையாகத்தான் போகவேண்டும், ஒற்றைப்படையில் நிறுத்தக்கூடாது என்று ஏற்பாடானது. வலை முடித்து வருகிறவர்கள் ஊர் இருக்கவேண்டிய இடத்தில் ஊரைக் காணாமல், டீச்சர் அடுத்த நடை போகட்டும் என்று நங்கூரம் போட்டு வெற்றிலை மென்றார்கள்.

கடைசித் தெருக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம். டொரத்தி அக்காவின் வீட்டுக்குள் பிறந்ததிலிருந்து கடற்காற்று வந்ததில்லை, இப்போது டீச்சர் போகிற பின்னேரமெல்லாம் வந்தது, முதல் தெருக்காரர்கள் ஐஸ் கம்பெனியின் நாற்றம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டார்கள். இது எதனால் நடக்கிறது என்பதைப் பற்றி ஏலக்கூடத்தில் ஒரே ஒருமுறைதான் பேச்சு வந்தது. கடலுக்குப் போகிறவர்கள் கரையைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது சங்குமுனையில் பால்குடி மறக்குமுன்பே சொல்லிக்கொடுக்கிற பழக்கம், திரும்பிப் பார்த்தால் கரைக்கு ஏக்கம் பிடித்துப் பின்னாலேயே வந்துவிடும் என்பார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்திருப்பாள் என்றார் ஒருவர். அவள் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை, இத்தனை நடை போயும் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்கிறாளே என்றுதான் கரைக்குப் பொறுக்கவில்லை என்றார் லியோன். ரெண்டும் நியாயமாகப்பட்டதால் அதோடு பேச்சு முடிந்தது.

கஸ்பாருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. தினமும் பழக்கதோஷத்தில் வள்ளத்தைத் தள்ளுவார், மோட்டார் உறுமும்போதே ஊர் அவரையும் வள்ளத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் அவள் காலடியில் வைத்துவிடும். ஒரு ஊரே ஓடி வரும்போது ஒரு மோட்டார் எம்மாத்திரம். அவர் ரெஜினால்ட் சாமியிடம் போய், இந்தத் திரும்புதலை மந்திரித்தாவது நிறுத்தவேண்டும் என்று கேட்டார். உமக்கு இதில் என்ன நஷ்டம் என்று சாமியார் கேட்டார். என் பெண்டாட்டியிடம் பேச முடியவில்லை என்று ஒரு ஐம்பது வயது ஆண்பிள்ளை எப்படிச் சொல்வான். வள்ளம் சும்மா கிடக்கிறது சாமி என்றார். சும்மா கிடந்தால் நல்லதுதானே, டீசல் மிச்சம் என்று சாமியார் ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினார்.

லெத்தீசியாவும் சந்தோஷமாக இல்லை. மொட்டைமாடியில் ஒரு பழைய பலகையைப் போட்டு, குடையைச் சிறகாக வைத்துக்கொண்டு, கை மாற்றி, கால் மாற்றி, கை மாற்றி, கால் மாற்றிப் பழகினாள். பள்ளி மைதானத்தில் தனக்குத்தானே வாய்க்குள் பின்னால் திரும்பு என்று சொல்லிக்கொள்ள, அணிவகுத்து நின்ற பிள்ளைகள் அத்தனையும் திரும்பின, அவள் மட்டும் அப்படியே நின்றாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, நான் இன்னும் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள். கஸ்பாருக்கு என்னென்னவோ சொல்லவேண்டும்போல் இருந்தது. ரசம் இருக்கா என்று கேட்டார்.

ஐப்பசி பிறந்ததும் காற்று குழம்பியது. ஆவணியெல்லாம் தெற்கேயிருந்து அடித்த சோழகம் விடைபெறுவதுபோல் போய்விட்டுத் திரும்பி வந்தது, வடக்கேயிருந்து வாடை எட்டிப்பார்த்துவிட்டு வெட்கப்பட்டதுபோல் ஒதுங்கியது, ஒரே பின்னேரத்தில் ரெண்டும் மாறிமாறி அடித்தன. காற்று மாறினால் டீச்சர் வளையவேண்டிய பக்கமும் மாறும், அவள் வளையவேண்டிய பக்கம் மாறினால் ஊர் சுற்றவேண்டிய பக்கமும் மாறும். வலமாகக் கிளம்பிய ஊர் பாதியில் நின்று இடமாகப் போனது, இடமாகப் போனது நடுக்கடலில் நின்று யோசித்தது. கடலில் பிறந்து கடலில் வளர்ந்து ஒருநாளும் குமட்டாத ஆம்பளைகள் சொந்த வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு வாந்தியெடுத்தார்கள். கடலுக்குப் போனால்தான் தலைசுற்றல் நின்றது என்பதால் எல்லாரும் ஒழுங்காகத் தொழிலுக்குப் போனார்கள், அந்த ஐப்பசியில் சங்குமுனைக்கு மீன் வரத்து நன்றாக இருந்தது.

ஊர்க்கமிட்டி கூடியபோது, டீச்சரைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று சொல்லத்தான் போகிறார்கள் என்று கஸ்பார் வயிற்றில் பால் வார்த்தமாதிரி உட்கார்ந்திருந்தார். நடந்தது வேறு. மாதா தேர் வருகிற ஞாயிற்றுக்கிழமை. தேரை ரெண்டாம் தெரு முக்கில் திருப்புவது வருஷாவருஷம் பெரும்பாடு, முட்டுக்கட்டை யார் போடுவது, வடத்தை எந்தத் தெரு முதலில் பிடிப்பது என்று சட்டையைக் கிழித்துக்கொள்ளாமல் தேர் நிலைக்கு வந்ததே இல்லை. லியோன் எழுந்து, தேரை எதற்கு இழுக்கவேண்டும், தேர் கடற்கரையில் டீச்சர் பக்கமாகத் தன்பாட்டுக்கு நிற்கட்டும், மண்ணில் பிடியில்லாமல் தண்ணீரில் மிதக்கிற கட்டுமரத்து மேலே நிறுத்தினால் ஊரோடு சுற்றாது, டீச்சர் போய்ப் போய் வந்தால் தெருத்தெருவாக ஊரே தேரைச் சுற்றி வந்து கும்பிட்டுப் போகும் என்றார். இத்தனை வருஷத்தில் கமிட்டி ஒரே மனதாக ஒத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான். கூடவே இன்னொன்றையும் ஒத்துக்கொண்டார்கள்: தேர் முடிகிறவரைக்கும், முடிந்தால் அதற்குப் பிறகும், லெத்தீசியா டீச்சர் திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

பின்னால் நின்ற லெத்தீசியா முன்னால் வந்தாள். "நான் கடலுக்குப் போறது கத்துக்கிடுறதுக்கு. தேர் சுத்துறதுக்கு இல்ல" என்றாள்.

டொரத்தி அக்கா, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், புத்தி சொல்கிற குரலில் சொன்னாள்: "ஒனக்காக ஊரே திரும்புது டீச்சரே. நீ ஒருத்தி திரும்பலன்னா என்ன கொறஞ்சு போச்சு?"

லெத்தீசியாவின் முகத்தை அப்போது பார்த்தவர் கஸ்பார் மட்டும்தான். விசில் ஊதப் போகிறவள்போல் மூச்சை இழுத்தாள், ஊதவில்லை, விட்டுவிட்டாள். அப்பா மறைத்த அந்த ஓட்டப் போட்டியைச் சொன்னபோதும் முகம் இப்படித்தான் இருந்தது. அவருக்கோ ஒரு விஷயம் தெரியும், தெரிந்தும் சில நாளாக வாயைத் திறக்காமல் இருந்தார்.

விஷயம் இதுதான். வலை முடித்து வந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், பாதிக் கடலில் அவர் வள்ளத்தை உரசினாற்போல் அவள் சிறகோடு போனாள். போகிறபோக்கில், கூடையில் என்ன மீன் கிடக்கிறது என்று பார்க்கத் தலையைத் திருப்பினாள். தலை திரும்பியதும் தோள் திரும்பியது, தோளோடு பலகையும் வள்ளத்தின் பக்கமாக அழகாக வளைந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை, நிமிர்ந்து நேரே போய்விட்டாள், அப்புறம் வழக்கம்போல் ஊர் வந்தது. கஸ்பார் கவனித்தார். சென்னைப் பெண் சொல்லிக்கொடுத்ததில் குற்றமில்லை, இவள் படித்ததிலும் குற்றமில்லை, போகவேண்டிய இடத்தைப் பார் என்றால் அந்த இடம் கரை, கடலுக்குப் போகிறவள் கரையைத் திரும்பிப் பார்க்கமாட்டாள், அவளுக்கு அது மறந்து போனாலும் கழுத்துக்கு மறக்காது. கரையல்லாத வேறொன்றைப் பார்த்தால் அவள் திரும்பிவிடுவாள். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் கற்றுக்கொள்வாள், கற்றுக்கொண்டால் ஊரும் வேண்டாம், வள்ளமும் வேண்டாம், தானும் வேண்டாம். ஊர் அலுத்துப்போய் ஒருநாள் திரும்பாமல் நின்றுவிட்டால் அவள் பழையபடி விழுவாள், தான் பழையபடி போகலாம் என்று ஒரு அற்ப ஆசை அவருக்கு இருந்தது. மகா கேவலமான ஆசை என்று அவருக்கே தெரிந்துதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேர் கட்டுமரங்களின்மேல் ஜோடனையோடு நின்றது. மூன்று தெருக்காரர்களும் கோடித்துணி உடுத்திக்கொண்டு, வாசல் தூண்களைப் பிடித்தபடி, திரும்புகிற பக்கம் சற்றே சாய்ந்து நின்றார்கள். கோயில் மணி அடிக்கிற உபதேசியார் மணிக்கயிற்றைப் பிடித்துத் தயாராக இருந்தார். காலையிலேயே கஸ்பார் பலகையைக் கட்டி இழுக்கிற கயிற்றைச் சுருட்டி வீட்டில் வைத்துவிட்டு, வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய், டீச்சர் வழக்கமாகத் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நங்கூரம் போட்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்குக்கூட இந்தாளுக்கு மீன் ஆசை என்று கரையில் பேசிக்கொண்டார்கள்.

லெத்தீசியா சிறகைத் தூக்கினாள், பலகை எழுந்தது, சோழகத்தை வலது தோளில் வாங்கிக்கொண்டு வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. வள்ளத்தைத் தாண்டும்போது கஸ்பார் எழுந்து நின்று சொன்னார்:

"லெத்தி, கரையப் பாக்காத. என்னயப் பாரு."

அவள் தாண்டிப் போய்விட்டாள். மணி அடித்தது. ஊர் ஒரு விரற்கடை மணலைவிட்டு எழும்பியதை அன்று அங்கிருந்தவர்கள் எல்லாரும் காலில் உணர்ந்தார்கள். அப்போது அவள் கழுத்து திரும்பியது. கரையில்லையே, வெறும் புருஷன்தானே, அவரைப் பார்ப்பதற்கு யார் தடை சொல்லியிருக்கிறார்கள். கழுத்தோடு தோள் வந்தது, பலகை காற்றுக்கு முதுகைக் காட்டி ஒரு பெரிய வளைவாக வளைந்தது, சிறகு ஒரு கையை விட்டு மறு கைக்குப் போனது, கால்கள் ஒன்றையொன்று தாண்டின. தண்ணீர் தெறிக்கவில்லை. தூக்கிய காலைக் கீழே வைக்கிறமாதிரி ஊர் தன் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது, சாய்ந்து நின்ற மூன்று தெரு ஜனமும் வரிசையாகக் கீழே விழுந்தது, ஆடுகள் உட்பட.

"திரும்பிட்டேன்" என்றாள் அவள், வள்ளத்தின் பக்கமாக வந்தபோது. சாதாரணமாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள், ஆனால் கண்ணெல்லாம் தண்ணீர்.

அந்த நேரத்தில் கஸ்பாருக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. பிளக் அழுக்கு, டீசல், ரசம் எல்லாம் மறந்துபோனது. இனி அவள் எங்கேயும் இவருடைய வள்ளத்தில் ஏறி உட்காரப்போவதில்லை, கேட்டால் இப்போது கேட்கவேண்டும்.

"என்னயக் கட்டிக்கிட்டதுல ஒனக்கு வருத்தம் உண்டா?"

கேட்டு முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள். கேள்வியையும் கூட எடுத்துக்கொண்டு கரைப்பக்கம் போனாள். கரையில் லியோனும் மற்றவர்களும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, ஊர் ஏன் திரும்பவில்லை என்று அவளைப் பார்த்துக் கத்தினார்கள், அவள் காதில் வாங்காமல் கடல்பக்கம் வளைந்து மறுபடி வந்தாள். வள்ளத்தைத் தாண்டும்போது, முன்னால் பார்த்தபடியே, ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"இருந்துச்சு."

சொல்லிவிட்டு ஆழத்துக்குப் போனாள்.

கஸ்பார் உட்கார்ந்துவிட்டார். இருந்துச்சு. நியாயந்தான், இல்லாமல் எப்படி இருக்கும். இன்னும் ஏதாவது சொல்லவந்து காற்று அடித்துக்கொண்டு போய்விட்டதா, இல்லை இவ்வளவுதானா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் வந்தால்தான் தெரியும். அந்தச் சமயம் பார்த்துச் சோழகம் பட்டென்று நின்றது. தூரத்தில் சிறகு சரிந்தது, பலகை தண்ணீரில் இறங்கியது, அவள் அதன்மேல் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். கடல் சட்டியில் ஊற்றிவைத்த எண்ணெய்போல் கிடந்தது.

போய் இழுத்துட்டு வாரும் என்று கரையிலிருந்து கூப்பிட்டார்கள். கை மோட்டார் கயிற்றுக்குப் போய்விட்டது. பலகை இழுக்கிற கயிறு வீட்டில் இருந்தால் என்ன, அவளை ஏற்றிக்கொள்ள ரெண்டு கை போதாதா, ஏற்றிக்கொண்டு மெதுவாக வந்தால் மீதியைக் கேட்டுவிடலாம். போயிருந்தால் அவள் ஏறியிருப்பாள், ஏறியிருப்பாள் என்பதுதான் அவரைத் தடுத்தது. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தன் வாழ்நாளில் அவர் செய்த கஷ்டமான காரியம் அதுதான், கறுத்த தண்ணீருக்கு நடுவே ஒரு வார்த்தையோடு சும்மா உட்கார்ந்திருந்தது.

கரையில் காத்துக் காத்து அலுத்துப்போய், வடத்தைக் கொண்டுவந்து, தேரைக் கட்டுமரத்திலிருந்து இறக்கி இழுக்கத் தொடங்கினார்கள், ரெண்டாம் தெரு முக்கில் சண்டை மூண்ட சத்தம் தண்ணீர்மேல் வந்தது. அதன் பிறகுதான் வாடை வந்தது, முதலில் கழுத்துக்கு, அப்புறம் காதுக்கு. தூரத்தில் சிறகு நிமிர்ந்தது. பலகை கடலைப் பார்த்துக் கிடந்ததால் அவள் எழுந்ததும் இன்னும் அப்பால்தான் போனாள், போய்க்கொண்டே இருந்தாள், சிறகு கட்டைவிரல் நகம் அளவுக்குச் சின்னதாகியது. கஸ்பார் எழுந்து நின்றார், அவள் பார்ப்பதற்கு வசதியாக.

காற்று இப்போது மறுபக்கம், வளைவும் மறுபக்கம், அவள் ஒருநாளும் போகாத பக்கம். நகம் அளவு சிறகு ஒருமுறை படபடத்துச் சாய்ந்தது, சாய்ந்தது கை மாறி நிமிர்ந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. கண்ணை அவர்மேலிருந்து எடுக்காமல் வந்தாள். பக்கத்தில் வந்தும் நிற்கவில்லை, வேகத்தைக் குறைக்கவில்லை, ஒரு முழ உயரத்தில் அந்தரத்தில் நின்றபடியே அவரைத் தாண்டும்போது மீதியைச் சொன்னாள்.

"இப்பம் இல்ல."